கையில் போன மஞ்சள், கண்ணில் நின்ற மஞ்சள்

நேற்று என் வீட்டுக்காரருக்கு வாங்கி வந்த ஈரல் டானிக்கைத் திறந்ததும் கீழாநெல்லி வாசம் அடித்தது. மகள் அட்டையைப் பார்த்து, "இதுல பில்லாந்தின்னு ஒரு கீழாநெல்லிச் சத்து இருக்குதாம்மா" என்றாள். அந்தப் பேர் என் வாயில் நுழையவில்லை. அந்த வாசம் மட்டும் அப்பா படுத்திருந்த நாளுக்கு இழுத்துப்போனது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. என்ன சாயம் ஓடுகிறதோ அந்த நிறக் கையோடுதான் வருவார். அந்த வாரம் மஞ்சள்.

"ஏனுங்க, கண்ணும் மஞ்சளா இருக்குதுங்க" என்றார் அம்மா.

"சாயக்கையில கசக்கியிருப்பன் புள்ள. உனக்கும் கொஞ்சம் பூசி உடட்டுமா?" என்று சிரித்தார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். கை வெளுத்தது. கண் வெளுக்கவில்லை. சிரிப்பு நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றார்கள். டாக்டர் மருந்தோடு, கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து தினமும் கொடுத்தார் அம்மா. நான் அவிநாசியப்பனைக் கும்பிட்டுவிட்டு அப்பாவின் இமையை விலக்கிப் பார்ப்பேன்.

"வெளுத்துருச்சா கண்ணு?"

பயத்தில் ஆமாம் என்று பொய் சொல்வேன். இருபது நாள் கழித்துத்தான் அந்தப் பொய் மெய்யானது. மருந்தோ மூலிகையோ, சாமிதான் காப்பாற்றினார்.

வீட்டுக்காரருக்கும் சாயப்பட்டறைதான். வேலை முடிந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர் கையை இல்லை, கண்ணைத்தான். போன வாரம் கை நீலமாக இருந்தது, கண் மஞ்சளாக இருந்தது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

இன்று காலை டானிக்கைக் குடித்துவிட்டு, "வெளுத்துருச்சா புள்ள?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றேன்.