மண்ணரையில் அடைபட்ட கண்ணீர்த் துளி

காலை 6.10, சேலம் ரயில் நிலையம். பையில் மூன்று பழைய ஒலிநாடாக்கள். மூன்றும் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்த, மெக்சிக்கோ வம்சாவளி ராப் பாடகர் ஒருவரின் பதிவுகள். அவர் பெயரை இங்கே எழுத முடியாது. ஆர்டர் விவரம் வெளியே போகக்கூடாது என்று நண்பர் முருகேசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்னோடு கல்லூரியில் படித்த அவர், திருப்பூர் மண்ணரையில் பனியன்களுக்குப் படம் அச்சடிக்கும் கம்பெனி வைத்திருக்கிறார். ஹாஸ்டலில் நான் ஓயாமல் போட்டு எல்லோர் காதையும் புண்ணாக்கிய ஆளின் முகம் இப்போது அவர் மேசையில் அச்சாகிறதாம். கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஈரோடு தாண்டியதும் போனில் முதல் தொகுப்பைப் போட்டேன். உறவினர் வீட்டுக் கார் கொட்டகையில், பத்தொன்பது வயதில் அவர் பாடிப் பதிவு செய்தது. ஒரு வரி ஆங்கிலம், அடுத்தது ஸ்பானிஷ். சுட்டுக் கொல்லப்பட்ட அண்ணனைப் பற்றிய பாட்டு அதில்தான் இருக்கிறது. அட்டைப் படத்தில் இடது கண்ணுக்குக் கீழே, அண்ணன் நினைவாகப் பச்சை குத்திய சின்னக் கண்ணீர்த் துளி. இரண்டாவது தொகுப்பு சிறையிலிருந்து வந்த பிறகு. மூன்றாவதில் பழைய காதல் பாட்டுகளின் இசையை வெட்டி ஒட்டியிருப்பார். அதுதான் அவரை ஊரறியச் செய்தது. பிறகு வந்தவற்றை நான் கேட்டதில்லை. குடும்பஸ்தராகித் திருந்தியவரின் பாட்டு எனக்கு எதற்கு என்ற திமிர்.

8.30, திருப்பூர். என் பையைப் பார்த்த ஆட்டோக்காரர், வேலை தேடி வந்த வடக்கத்தி ஆள் என்று நினைத்து இந்தியில் பேச்சை ஆரம்பித்தார். சேலம் என்றதும் சிரித்துவிட்டார், ஆனால் 120 ரூபாயில் பைசா குறைக்கவில்லை.

9.00, மண்ணரை. முருகேசன் ஒரு பனியனை விரித்துக் காட்டினார். அதே அட்டைப் படம். பார்த்ததும் சந்தோஷம் பொங்கியது, உடனே ஏதோ இடறியது. கண்ணுக்குக் கீழே துளி இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாகத்தான் மை துணியில் இறங்கும். வலையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் படத்தில் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடி அடைப்பது சரஸ்வதி என்கிற பெண்ணின் வேலை. முருகேசன் அவரைக் கூப்பிட்டார்.

"பொட்டாட்டம் ஒண்ணு இருந்துதுங்க. ஓட்டைன்னு நெனச்சு நான்தான் அடைச்சுப்போட்டனுங்க" என்றார் சரஸ்வதி. முகம் வெளிறிவிட்டது.

மறுநாள் பெட்டிகள் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். துளியில்லாத மாதிரியைத்தான் அமெரிக்காவில் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பேசாமல் அனுப்பிவிடலாமே என்றேன்.

"ஒருத்தர் மூஞ்சியில கை வெச்சுட்டமுங்க. கேக்காம அனுப்ப மனசு வரலீங்க" என்றார் முருகேசன்.

பாக்கிங்கை நிறுத்தினார். திரும்ப அடிக்கச் சொன்னால் கப்பல் தவறும். ஆர்டர் கொடுத்தவர்கள் அடுத்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அது தெரிந்தும் மெயில் அனுப்பினார். அங்கே அப்போது இரவு ஒன்பது மணி இருக்கும். டீ வந்தது, ஆறியது. சரஸ்வதி யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

11.00. பதில் வந்தது. எழுதியவர் பாடகரின் வியாபாரத்தைக் கவனிக்கும் அவர் மனைவி. முருகேசன் தமிழில் எல்லோருக்கும் சொன்னார். அந்தப் பச்சையைப் பாடகர் எப்போதோ லேசர் வைத்து எடுத்துவிட்டாராம். மாதிரி வந்த அன்றே துளி இல்லாததைக் கவனித்தாராம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது அண்ணன் சாவதற்கு முந்தின நாள் இருந்த என் முகம் என்றாராம். அந்தப் பையன் இப்படியே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம் என்பதுதான் அவர் முடிவு.

பாக்கிங் மேசையில் மறுபடி சத்தம் எழுந்தது. முருகேசன் எனக்கொரு பனியன் கொடுத்தார். விடைபெற்றுக் கிளம்பும்போது சரஸ்வதி பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, அந்த அண்ணன் பேரு என்னங்க?"

இத்தனை வருடமாக அண்ணனைப் பற்றிய அந்தப் பாட்டை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. ரூபன் என்றேன்.

"நல்ல பேருங்க" என்று சொல்லிவிட்டு, பிரித்து வைத்திருந்த பெட்டியை ஒட்டப் போனார்.