தாய்மாமன் சீரில் போன காப்புரிமை

மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்க நாடுகளில் காப்புரிமை வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். கோரிப்பாளையத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே என் அலுவலகம். கீழே ஹாரன் சத்தம் ஓயாது. மேலே நான் செனகல் தலைநகர் டக்காரில் இருக்கும் ஒரு வழக்கறிஞரோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஊரார் மனுக்களை எத்தனையோ கரையேற்றியிருக்கிறேன். கூடப் பிறந்தவனுக்குத்தான் முடியவில்லை. அந்த எரிச்சல் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

தம்பி எழுமலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். நிலக்கடலை உடைக்க, காலால் மிதித்து ஓட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்தான். உள்ளே உருளைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். பெரிய கடலை வந்தால் உருளை தானாக விலகிக்கொடுக்கும். தோடுதான் உடையும், பருப்பு உடையாது. செனகல் வியாபாரி ஒருவர் பட்டறைக்கே வந்து பார்த்தார். வெளியில் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் முதலிலேயே எழுதி வாங்கிவிட்டேன். காப்புரிமைக்கு மனு போட்டுவிட்டால், தன் நாட்டில் செய்து விற்கும் உரிமத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றார். அது மட்டும் நடந்தால் தம்பி ஊரார் வீட்டு கேட்டுக்குக் கம்பி வளைப்பதை விட்டுவிட்டு இயந்திரம் மட்டுமே செய்யலாம். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே மனு போதும். முதலில் நம் நாட்டில் ஒன்று, பிறகு அங்கே அந்த ஒன்று. மனு போடும்வரை இயந்திரத்தின் சூட்சுமம் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. "யார்கிட்டயும் காட்டிராதடா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினான். தாள்களைத் தயார் செய்து கையெழுத்துக்கு நீட்டினால், "ஆடி மாசம்க்கா. ஆவணி பொறக்கட்டும், மொதக் காரியமா போட்டுர்றேன்" என்றான். நீதிமன்றத்தில் வாதாடலாம், ஆடி மாதத்தோடு யார் வாதாடுவது?

ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் என் மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா வைத்திருந்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் லேசுப்பட்டதில்லை. கிடா, தட்டு வரிசை, மேளம், வெடி, தலைக்கு மேலே ட்ரோன் கேமரா. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். ஊர்வலத்தின் கடைசியில் ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லரில் மாலை போட்டு, சந்தனம் பூசி, அந்த இயந்திரம்.

"தார்ப்பாயப் போட்டு மூடுறா!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்தேன். "காட்டாதன்னு சொன்னேன்ல?"

"வெளியாளுக்குத்தானக்கா காட்டக் கூடாது? இங்க இருக்கிற அம்புட்டுப் பேரும் நம்ம ஆளுக."

மாமன், மச்சான், பங்காளி, பங்காளியின் சம்பந்தி, அந்தச் சம்பந்தியோடு வேனில் தொற்றி வந்தவர்கள், ஒருவர்கூட அவனுக்கு வெளியாள் இல்லை. அதில் துளி கள்ளமும் இல்லை. எனக்கு வயிறெரிந்ததே அதனால்தான். மைக்கை வாங்கி, இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் எங்கே இருக்கிறது, எப்படி விலகுகிறது என்று நிறுத்தி நிதானமாக விளக்கினான். என் புகுந்த வீட்டார் முன்னால் தம்பி கொண்டுவந்த சீரை நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா? அதைவிட அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம். பிறகு கடலையைப் போட்டு மிதித்துக் காட்டி, முழுசு முழுசாக விழுந்த பருப்பை அள்ளி என் மகளின் மடியில் கொட்டினான். மண்டபமே கைதட்டியது. மறுநாளே வீடியோக்காரர் அத்தனையையும் யூடியூபில் ஏற்றிவிட்டார்.

டக்கார் வழக்கறிஞருக்கு நடந்ததை எழுதி, ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். நல்ல மனிதர், உதவும் எண்ணத்தோடுதான் கேட்டார்: அந்த நிகழ்ச்சி அரசு அங்கீகரித்த கண்காட்சியா? அப்படியானால் சட்டத்தில் சலுகை உண்டு. நான் என்ன பதில் எழுதுவது? கிடா வெட்டிச் சோறு போட்ட கண்காட்சி என்றா?

"வீடியோவ அழிச்சிட்டு, யாரும் பாக்கலைன்னு எழுதிருவமாக்கா?" என்றான் தம்பி. பொய் மனு போட மாட்டேன் என்றேன். இங்கேயும் போடவில்லை, அங்கேயும் போடவில்லை. வியாபாரி உரிமம் வேண்டாம் என்று விலகிக்கொண்டார். ஊருக்கே தெரிந்த ஒன்றுக்கு அவர் எதற்கு உரிமம் வாங்க வேண்டும்? சட்டப்படி அவர் செய்தது சரி. சொந்தக்காரர்களோ அக்கா வக்கீலாக இருந்தும் தம்பிக்கு ஒன்றும் செய்து கொடுக்கவில்லை என்று பேசினார்கள். மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுக் கைதட்டியவர்கள்தான் பேசினார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த வியாபாரியே ஒரு படம் அனுப்பினார். அங்கே ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்திருக்கிறாராம். பச்சை வண்ணத்தில், அச்சு அசலாகத் தம்பியின் இயந்திரம். அவனை அலுவலகத்துக்கு வரச்சொல்லிப் போனை நீட்டினேன். அழுவான் என்று நினைத்தேன். அழட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

அவன் படத்தைப் பெரிதாக்கி மூலைமூலையாகப் பார்த்தான்.

"ஸ்பிரிங்க வெளிப்பக்கமா வச்சிருக்கான்க்கா. தூசி ஏறுச்சுன்னா இறுகிக்கிரும். பருப்பு அம்புட்டும் ஒடஞ்சு போகும்."

போனைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"அந்தாளு நம்பரக் குடுக்கா" என்றான். "எப்படி வைக்கணும்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்பி விடுறேன்."