இரண்டு பொட்டலம் அரளி

தொண்ணூறுகளின் கடைசியில் என் இடது முட்டி என்னைக் கைவிட்டது. கருமத்தம்பட்டியில் தறிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவன், கோயம்புத்தூரில் ஓர் எலும்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"உள்பக்கம் மட்டுந்தான் தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தலாம், முட்டி நல்லா மடங்கும். ஆனா மீதியும் பின்னாடி தேஞ்சா மறுபடி ஆபரேஷன். முழுசா மாத்தினா பெரும்பாலும் அதோட முடிஞ்சுது. ஆனா கீழே சம்மணம் போடறதை மறந்துரணும். உங்களுக்கு ரெண்டுமே செய்யலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

துணிக்கடையில் வெள்ளையா நீலமா என்பதுபோலக் கேட்டுவிட்டார். துணிக்கடையிலேயே எனக்கு வேர்க்கும்.

"எடுத்த முட்டியை என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"சூப்பு வைக்க மாட்டோம்" என்றார்.

நான் பாதி என்றேன். பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிடாத சாப்பாடு எனக்குச் சாப்பாடே இல்லை. என் வீட்டுக்காரி முழுசு என்றாள். ஒரு வாரம் இழுபறி. கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"ஏனுங்க, ஆத்தாகிட்டப் பூக்கேட்டுப் போடலாமுங்க. அவ சொல்றதுதான்."

எங்கள் வீட்டில் கிணறு வெட்டுவதென்றாலும் கல்யாணம் பேசுவதென்றாலும் அம்மனிடம் பூக்கேட்காமல் நடந்ததில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு. பூசாரி எடுக்கும் பொட்டலத்தில் இருப்பதுதான் உத்தரவு. வெள்ளை பாதி, சிவப்பு முழுசு என்று வைத்துக்கொண்டோம். கேட்கிறவன் பொட்டலம் கட்டக்கூடாது என்பதால் அவள்தான் கட்டினாள்.

அம்மன் காலடியில் இரண்டையும் வைத்தார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "வெள்ளை, வெள்ளை" என்று முணுமுணுத்தேன். பக்கத்தில் அவளும் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றாள்.

பூசாரி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"உத்தரவு ஆயிப்போச்சுங்க" என்றார்.

மற்ற பொட்டலத்தைப் பிரிக்காமல் கோவில் கிணற்றில் போட வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. கைக்கு எட்டாமல் போன என் பாதி முட்டி அதற்குள் இருக்கிறது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கும் பையில் வைத்து எடுத்துப் போனேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பையில் சீப்பைத் தேடியபோது பொட்டலம் கையில் பட்டது. ஆசையாகப் பிரித்தேன். காய்ந்து சுருங்கியிருந்தாலும் நிறம் போகவில்லை. சிவப்பு.

அவள் டம்ளரில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, வெள்ளை அரளி எங்க?"

அவள் தலை நிமிரவில்லை. "செடியில இருக்குதுங்க."

"அடிப்பாவி, ஆத்தாளையே ஏமாத்திப்போட்டியே!"

"ஆத்தாகிட்ட மொதல்லயே சொல்லிப்போட்டுத்தானுங்க கட்டினேன்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

"தெரிஞ்சா ஒத்துக்குவீங்களாக்கும்? ஒரு ஊசிக்கே வார்டையே கூட்டிப்போட்டீங்க. இன்னொருக்கா உங்களை இங்க கூட்டிட்டு வர எனக்குத் தெம்பில்லீங்க. கஞ்சியக் குடிங்க."

குடித்தேன். பசி என்னைவிட மானம் கெட்டது. அவள் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் முட்டி என்னுடையது. அவளோடு நேருக்கு நேர் சண்டை போட்டுத் தோற்றிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

இப்போதும் வெள்ளிக்கிழமை இருவரும் கோவிலுக்குப் போகிறோம். அவள் கும்பிட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் நின்றபடியே கும்பிடுகிறேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை.