நான்காம் அத்தியாயத்தை எழுதியது யார்?

அந்த இலக்கியப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆனாலம்மா. எதையும் அவள் முழுசாக ஒப்புக்கொண்டதில்லை. "கதை நல்லாத்தான் இருக்கு, ஆனால்..." என்று இழுக்கும்போதே கடைசி பெஞ்சு சிரிக்க ஆரம்பித்துவிடும். பட்டப்பெயர் கிடைக்காத வாத்தியார் பாடம் நடத்தியதே வீண் என்பது அவள் கட்சி. அதனால் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் 'ஆனால்' போட்டதே கிடையாது. பழைய பத்திரிகை ஒன்றில் 'ஒரு பெண்' என்ற கையெழுத்தோடு ஒரு தொடர்கதை வந்திருந்தது. முதல் வரியிலிருந்து முற்றும் வரை அதை எழுதியது ஒரே பெண்தான் என்று ஆய்வேடு எழுதி டாக்டர் பட்டம் வாங்கியவள் அவள். பத்திரிகை ஆசிரியரே புடவை கட்டிக்கொண்டு எழுதினார் என்பது துறைத்தலைவரின் வாதம். இருவரும் பல வருஷங்களாக மல்லுக்கு நிற்கிறார்கள்.

இந்த நிலையில் நூலகத்தார் பழைய இதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தும்மித் தும்மி அவள் புரட்டிய பக்கங்கள் இப்போது மேஜைக்கே வந்தன. அவளுடைய ஆய்வு மாணவி அதோடு விடவில்லை. எழுதிய கை யாருடையது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றையும் கொண்டுவந்தாள். அது கதையைப் படிக்காது. வாக்கியம் எவ்வளவு நீளம், 'கூட', 'தான்', 'ஆனால்', 'அப்புறம்' போன்ற சில்லறை வார்த்தைகள் எத்தனை தடவை வருகின்றன என்று மட்டும் எண்ணும். பெரிய வார்த்தைகளை மனிதர்கள் யோசித்துப் போடுகிறார்கள், சின்ன வார்த்தைகள் தாமாக விழுகின்றன. மாடிப்படியில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்து வருவது யார் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான்.

"மேடம், முன்பாதி ஒரு கை, பின்பாதி வேற கை" என்றாள் மாணவி.

"அந்த ஆசிரியர் கையா?"

"அவர் எழுதின தலையங்கத்தையும் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பாதியிலயும் அவர் கை இல்ல. பின்பாதி யாரோ மூணாவது ஆள்."

அடுத்த வாரம் இந்தத் தொடர்கதை பற்றித்தான் ஆனாலம்மா கருத்தரங்கில் பேச வேண்டும். துறைத்தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். யோசித்தவளுக்கு ஒரு வழி தோன்றியது.

"என் ஆய்வேட்டைப் போடு. அது நான் ஒருத்தி எழுதினது. அதையும் ரெண்டு கைன்னு சொல்லுச்சுன்னா, இந்த டப்பாவோட லட்சணம் தெரிஞ்சிடும்."

டப்பா எண்ணி முடித்தது. மற்ற அத்தியாயங்கள் எல்லாம் ஒரே கை. நான்காவது மட்டும் வேறு கை. வாக்கியங்கள் குட்டை, 'ஆனால்' என்பது மருந்துக்குக்கூட இல்லை. ஆனாலம்மா கைதட்டிச் சிரித்தாள். இதையே கருத்தரங்கில் காட்டிவிட்டால் டப்பாவின் மானம் போகும், தன் மானம் பிழைக்கும்.

சாப்பிடும்போது கணவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது அவர் வேலை. அவர் சிரிக்கவில்லை.

"எந்த அத்தியாயம்னு சொன்னே?"

"நாலாவது."

"அப்படின்னா அது சரியாத்தான் சொல்லியிருக்கு."

ஆய்வேடு எழுதிய வருஷம் அவள் மஞ்சள்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிவிட்டது. நான்காம் அத்தியாயத்துக்கு அவளுடைய குறிப்புகள்தான் இருந்தன. டைப் அடிக்க உட்கார்ந்த கணவர் அவற்றை அத்தியாயமாகவே அடித்துவிட்டார்.

"கருத்தெல்லாம் உன்னோடதுதான். வாக்கியம்தான் என்னோடது."

"அதான் ஒரு 'ஆனால்'கூட இல்லையா!"

"ஆபீஸ் பழக்கம். கடிதத்துல 'ஆனால்'னு பார்த்தாலே, பணம் வராதுன்னு புரிஞ்சுக்கிட்டு நேர்ல வந்து சத்தம் போடுவாங்க."

"இத்தனை வருஷமா ஏன் வாயைத் திறக்கல?"

"வீட்டுக்கு வந்து படிச்சதும் நீ என்ன சொன்னே? 'அந்தக் காய்ச்சல்லயும் எப்படி எழுதியிருக்கேன் பாருங்க'ன்னே. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்ல?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட வெட்கம் அதிகம். தேர்வாளர் தனியாக எடுத்துப் பாராட்டியதும் அந்த அத்தியாயத்தைத்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். டப்பா தன் விஷயத்தில் சரி என்றால் தொடர்கதை விஷயத்திலும் சரியாகத்தானே இருக்கும்? பின்பாதியை இன்னொருவர் எழுதினார் என்பது அந்தப் பெண்ணுக்காவது தெரியுமா? கோபத்துக்கு நடுவிலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

கருத்தரங்கு மேடையில் மாணவி காதோடு கேட்டாள்: "உங்க ஆய்வேடு பத்தின படத்தைத் திரையில போடாம விட்டுடவா மேடம்? நமக்கு மட்டும்தானே தெரியும்."

"இருக்கட்டும்."

எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள்காமாலை, டைப் மெஷின், நான்காம் அத்தியாயம் எதையும் விடவில்லை. அரங்கம் முதலில் விழித்தது, பிறகு சிரித்தது. துறைத்தலைவர் எழுந்தார்.

"அப்போ ஒரே பெண் எழுதலைன்னு நான் சொன்னது சரிதானே?"

"அது சரி சார். ஆசிரியர் எழுதினார்னு சொன்னது தப்பு. தோத்தது ரெண்டு பேரும்தான்."

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ அந்தப் பெண் ஊரை ஏமாத்தியிருக்காங்களா மேடம்?"

ஆனாலம்மா திரையில் இருந்த தன் ஆய்வேட்டுப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியலம்மா. இத்தனை வருஷமா அவங்க யாருன்னு மட்டும்தான் தேடினேன். அவங்களுக்கு முடியாமப் போனப்போ பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு ஒரு நாள்கூடத் தேடல."