சாகாமத்தில் நின்ற நாரை

கல்முனைப் பிரதான வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கலந்தருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது அந்தக் கடையில்தான். யாரோ திருத்தக் கொடுத்த பழைய தொலைநோக்கியை எடுத்துப்போக ஆள் வரவே இல்லை. நெடுநாள் காத்திருந்துவிட்டு, சோதித்துப் பார்க்கும் சாட்டில், அரிசி ஆலையில் வேலை செய்த சிநேகிதர் சீனிமுகம்மதுவைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். கடற்பக்கமாக ஒரு பருந்து மீனோடு போனது. அன்று இருவரும் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிந்தித்தான் போனார்கள்.

அதன்பிறகு விடுமுறை நாளெல்லாம் கலந்தரின் மோட்டார் சைக்கிளில் வயல்வெளியும் களப்புக் கரையுமாகத் திரிந்தார்கள். தொலைநோக்கி ஒன்றுதான் என்பதால் சீனிமுகம்மது ஒரு சட்டம் வைத்தார். ஒருவர் பார்த்து, மற்றவர் வாங்கிப் பார்ப்பதற்குள் பறந்துவிட்டால் அந்தப் பறவை கணக்கில் இல்லை.

"நோன்புப் பிறைக்கே சாட்சி கேக்கிறாங்க மச்சான். நாரைக்குக் கேக்கப்படாதா?"

"உண்ட சட்டத்தால எத்தின பறவ எனக்கு நட்டம் தெரியுமா?"

"நட்டம் உனக்குத்தான். பறவைக்கு ஒண்டுமில்ல."

இருவரும் காண ஆசைப்பட்டது கருங்கழுத்து நாரையை. இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற அளவுக்குத்தான் அது மிச்சம். ஒருமுறை திருக்கோவில் களப்பில் உயரமாக ஒரு கருநிழல் நின்றது. அது கழுத்தைத் திருப்புவதற்குள் சீனிமுகம்மதுக்கு இழுப்பு வந்து இருமினார். நிழல் எழும்பிப் போய்விட்டது.

"நீ இருமினாக் கல்முனைக் காகமும் ஊரை விட்டுப் போயிரும்," என்றார் கலந்தர். சீனிமுகம்மது சிரித்தார். ஆனால் அதற்குப்பிறகு எங்கே போனாலும் வாயில் கைலேஞ்சியைப் பொத்திக்கொண்டே நின்றார். கலந்தர் அதைக் கவனித்தார். அப்படி நிற்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த வருடம் வேளாமை வெட்டு முடிந்த சமயம், சாகாமத்தில் வயல் செய்யும் அப்ராஸ் ஓர் இரவு தொலைபேசியில் கோல் எடுத்தான். குளத்துக்குக் கீழே சதுப்பில் நீங்கள் தேடுகிற நாரை நிற்கிறது என்றான்.

விடிய ஸுபஹ் தொழுதுவிட்டுக் கலந்தர் புறப்பட்டார். சீனிமுகம்மதின் வீட்டு ஒழுங்கை முடக்கில் வண்டியை நிறுத்தினார். சிநேகிதருக்கு இப்போது இழுப்பு கூடியிருந்தது. பனிக்குள் அவ்வளவு தூரம் கூட்டிப்போவது பாவம் என்று நினைத்தார். முதலில் இடத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஆறுதலாகக் கூட்டிப் போகலாம் என்றும் நினைத்தார். மனம் தீர்மானத்தை முதலில் எடுத்துவிட்டு நியாயங்களைப் பிறகுதான் தேடுகிறது. அவர் உண்மையில் பயந்தது அந்த இருமலுக்கு. வண்டியை ஒழுங்கைக்குள் திருப்பாமல் நேரே விட்டார். சாகாமக் குளக்கட்டை அடைந்ததும், சத்தம் வரக்கூடாதென்று கைத்தொலைபேசியையும் நிறுத்திவிட்டார்.

நாரை நின்றது. பெண் நாரை, மஞ்சள் கண். வெயில் ஏற ஏறக் கழுத்தின் கறுப்புக்குள்ளிருந்து நீலமும் பச்சையும் கிளம்பின. கலந்தர் மூச்சை அடக்கிப் பார்த்தார். பிறகு பழக்கத்தில், "இந்தா மச்சான்," என்று தொலைநோக்கியைப் பக்கத்தில் நீட்டினார். வாங்க ஆள் இல்லை.

லுஹரைக் குளக்கட்டிலேயே தொழுதார். நாரை எழும்பிப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கரைப்பற்றில் தேநீர் குடிக்க இறங்கிக் கைத்தொலைபேசியைத் திறந்தவுடன் மனைவி பஸ்மிலாவின் அழைப்பு வந்தது.

"எங்க போனீங்க? ஊரெல்லாம் தேடுறாங்க! சீனிமுகம்மது மச்சான் காலையில மௌத்தாகிட்டாரு. பள்ளியில அறிவிச்சி, அஸர் தொழுகையோட அடக்கியும் முடிஞ்சி."

மையவாடியில் யாரும் இருக்கவில்லை. புதிய மண் ஈரமாக இருந்தது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கட்டைகளை நட்டிருந்தார்கள். எல்லோரும் மூன்று பிடி போட்டுவிட்டுப் போன மண்ணின்மேல் கலந்தரும் ஒரு பிடி போட்டார். இரண்டாவது பிடிக்குக் கை எழவில்லை.

மௌத்து வீட்டில் சீனிமுகம்மதின் மகன் அஸ்கி வாசலில் நின்றான்.

"வாப்பாக்கு எப்பிடி மகன்..."

"வாசல் கேற்றடியில கதிரையிலயே சாஞ்சிட்டார் மாமா. அப்ராஸ் காக்கா ராவு அவருக்கும் கோல் எடுத்திரிக்கார். விடியவே சேட்டப் போட்டுட்டு உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தார். இருமல் வராம இரிக்கக் கன்னத்துக்குள்ள இஞ்சித் துண்டையும் வச்சிக்கிட்டு. முடக்கில ஒரு மோட்டார் சைக்கிள் நிண்ட சத்தம் கேட்டு, 'கலந்தர் வந்துட்டான்' எண்டு எழும்பினார். அது போயிட்டுது. 'வேற ஆரோ'ண்டு திரும்ப இருந்தார்."

கேற்றடியில் இன்னும் கிடந்த கதிரையைக் கலந்தர் பார்த்தார்.

"நாரையக் கண்டீங்களா மாமா?"

"இல்ல மகன். காணல்ல."

சீனிமுகம்மதின் சட்டப்படி அது பொய்யில்லை. அந்தச் சட்டத்துக்குள் ஒதுங்க இனித் தனக்கு உரிமையில்லை என்பது சொன்ன பிறகுதான் கலந்தருக்கு உறைத்தது.

சில நாள் கழித்து அப்ராஸ் மறுபடி கோல் எடுத்தான்.

"கலந்தர் காக்கா, நாரை திரும்ப வந்திரிக்கி. இப்ப ரெண்டு நிக்கிது, சோடியா. வாறீங்களா?"

கலந்தர் கடை மேசையில் கிடந்த தொலைநோக்கியைப் பார்த்தார்.

"ஆரோட வாற, தம்பி?" என்றார்.