குழாயில் ஒட்டிய ஒத்திகை

குடும்பத்தில் முதல் பட்டதாரி. கம்ப்யூட்டரைத் தொட்டதே கல்லூரியில்தான். அலுவலகத்தில் கிண்டலாக 'பட்டதாரி' என்று பெயர் வைத்தார்கள். அவன் அதைப் பதக்கம்போல் மாட்டிக்கொண்டான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவன் எழுதியது சின்ன நிரல். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையோடு நோயாளி எண்ணைத் தட்டினால், கீழ்த்தளத்துப் பிரிண்டர் ரத்த மாதிரிக் குழாயில் ஒட்டும் லேபிளைத் துப்பும். பிரிண்டரை நிரலுக்குள்ளேயே பூட்டிவிடாமல், ஓடும்போது வெளியிலிருந்து கொடுப்பதாக அமைத்திருந்தான். நிஜ வேலைக்கு நிஜப் பிரிண்டர். ஒத்திகைக்குத் திரையில் மட்டும் எழுதும் போலி.

டீம் லீடர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரு லேபிளுக்கு இவ்வளவு சுத்தணுமா? பிரிண்டரை உள்ளேயே வச்சுத் தொலை."

"சார், அப்புறம் சும்மா தட்டிப் பாத்தாலும் கீழ நிஜ லேபிள் வரும்."

"வந்தா கிழிச்சுப் போடுவாங்க. படிச்ச திமிரைக் காட்டாத, பட்டதாரி."

அவன் சாப்பிடப் போன நேரத்தில் லீடரே நிரலில் கைவைத்து, நிஜப் பிரிண்டரை உள்ளேயே பூட்டிவிட்டார். பிறகு மேலாளர் முன்னால் பந்தாவாக ஆறு பழைய நோயாளி எண்களைத் தட்டினார். திரையில் போலிப் பிரிண்டர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சாப்பிட்டுத் திரும்பிய பட்டதாரி அதைப் பார்த்தான். படிகளில் தாவி இறங்கினான்.

"அக்கா, ஒட்டாதீங்க! அது ஒத்திகை!"

டெக்னீஷியன் அக்கா நிமிர்ந்தாள். "காத்திருந்த ஆறு குழாயிலயும் வந்த வரிசையில ஒட்டிட்டேனே தம்பி. இப்ப எது யார் ரத்தம்?"

ஆறு குழாயும் குப்பைக்குப் போயின. ஆறு பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அதில் ஒரு பெரியவர், நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்து வாங்கினார்.

மேலே லீடர் நிதானமாக டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். "பிரிண்டர் கோளாறுன்னு எழுதி வச்சிருக்கேன். நிரல் உன் பேர்ல இருக்கு, கையெழுத்தைப் போடு. இன்னும் நீ வேலையில நிரந்தரமாகல, ஞாபகம் இருக்கட்டும்." தோளில் வேறு தட்டினார்.

தட்டிய இடத்தில் புழு ஊர்வதுபோல் கூசியது. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? ஆனால் அந்தப் பொய்க்குக் கீழே பேனாவைக் கொண்டுபோகவே குமட்டியது. தாளைத் திருப்பி, எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று எழுதிக் கையெழுத்திட்டான். நேராக மேலாளரிடம் நீட்டினான்.

அவர் இரண்டு பக்கத்தையும் படித்தார். லீடரைப் பார்த்தார். கொட்டாவி விட்டார்.

"எந்தப் பக்கத்தைப்பா நான் ஃபைல்ல வைக்கணும்?"

"நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தை, சார்."