மச்சாளின் சலவைக்கூடம்

டென்மார்க்கிலிருந்து மச்சாள் ஒரு கலியாணத்துக்காக ரொறன்ரோ வருகிறார் என்று தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, எங்கள் நிலையத்தின் நிர்வாகக் குழுவில் அவர் பேச இருபது நிமிடம் கேட்டு வாங்கியது. அவரிடம் கேட்டது அதற்குப் பிறகுதான்.

நான் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் ஒரு சமூக நிலையத்தில் வேலை செய்கிறேன். சுற்றியிருக்கும் மாடிக் கட்டடங்களில், நன்றாகச் சமைக்கத் தெரிந்தும் வெளியே வேலை கிடைக்காத பெண்கள் நிறையப் பேர். அவர்களை வைத்து ஒரு சமையற்கூடம் தொடங்க வேண்டும் என்ற நினைப்பு என்னை உட்காரவிடவில்லை. வீட்டில் கணவர் எதையும் என்னிடம் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

எனக்கு முன்மாதிரி மாமியின் மகளான இந்த மச்சாள்தான். டென்மார்க்கில் ஒரு சின்ன நகரத்தில், நீண்ட நோயால் வேலையிழந்தவர்களை வைத்து அவர் சலவைக்கூடம் நடத்தினார். ஹோட்டல் விரிப்புகளை வெளுத்துக் கொடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை நகரசபை கொடுத்தது. சமூகத் தொழில்முனைவு என்றால் டென்மார்க்தான் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கூட்டத்தில் மச்சாள் எழுந்து, பல வருடம் நன்றாக நடந்தது என்றார். பிறகு, நகரசபையில் ஆட்கள் மாறி அந்தப் பங்கு குறைந்ததையும், பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்ததையும், அடுத்த வருடம் சலவைக்கூடம் இருக்குமா என்று தனக்கே தெரியாது என்பதையும் அதே குரலில் சொன்னார். குழுத் தலைவர் பேனையை மூடிவைத்தார். என் திட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

விட்பியில் அவர் தங்கியிருந்த கலியாண வீட்டில் இறக்கிவிடக் காரில் போகும்போது கேட்டேன்.

"உதை அங்கை சொல்லத்தான் வேணுமே, மச்சாள்?"

"சொல்லாட்டி நாளைக்கு நீரே என்னை ஏசுவீர்."

"எனக்கு ஒருநாளும் நீங்கள் சொல்லேல்லையே."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பிடிச் சொல்லுறது? நீர் போனிலை அவ்வளவு சந்தோசமாக் கேப்பீர். அங்கை எங்களைப் பாக்க வாற எல்லாரும் கை தட்டுவினம், படம் எடுப்பினம். தோய்க்கத் துணி மட்டும் தரமாட்டினம். பெரிய கொம்பனி மலிவாத் தோய்ச்சுக் குடுக்குதாம்." கொஞ்சத் தூரம் போனபின் கேட்டார்: "அது சரி, உம்மடை சாப்பாட்டை வாங்க ஆரைப் பிடிச்சு வைச்சிருக்கிறீர்?"

ஒருவரையும் இல்லை. சமைக்கிறவர்களின் பட்டியல் இருந்தது, சமையற்கூடத்துக்கு ஒரு சின்னம்கூட வரைந்தாகிவிட்டது. சாப்பிடப் போகிறவர்களை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து மதிய இடைவேளைகளில் படியேறி இறங்கினேன். பல் வைத்தியர், சட்டத்தரணி, முதியோர் மன்றம். சிரித்தார்கள், என் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையம் புதன்கிழமைகளில் மதியச் சாப்பாடு எடுக்கச் சம்மதித்தது. ஒரு தேவாலயத்தின் சமையலறையில் நாலு பெண்களோடு தொடங்கினோம். குழு அதற்குப் பிறகுதான் தலையாட்டியது.

மச்சாளின் சலவைக்கூடம் இந்த வசந்தத்தில் மூடப்பட்டது. மிஞ்சியிருந்தவர்களில் மூன்று பேரை ஒரு ஹோட்டலே வேலைக்கு எடுத்துக்கொண்டதாம். போனில் அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோசம் இருந்தது.

"அப்ப நீங்கள் என்ன செய்யப்போறியள்?"

"தெரியேல்லை. வீட்டிலை இருக்க ஏலாமக் கிடக்கு. காலமை எழும்பிச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலிலை நிக்கிறன்."

இங்கே வந்து கொஞ்ச நாள் நில்லுங்கோ என்றேன். யோசிக்கிறேன் என்றார்.